நின்றுபோவதற்கு முன்னால்: விசேட தேவையுள்ள பிள்ளையைத் தோட்டப் பாடசாலையில் தக்கவைக்க

இதை வாசிக்குமுன் உங்கள் வகுப்பு வரவு இடாப்பை எடுத்து மேசையில் வையுங்கள். இலங்கை மலையகத்தில், ஹற்றன் கல்வி வலயத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவைப் பார்க்கிறவள் நான். பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். நடக்க, கேட்க, பார்க்க, விளங்கிக்கொள்ளச் சிரமப்படும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் எப்போதும் இருக்கிறார்கள். இவர்களுக்கென்று தனி வகுப்பான விசேட கல்வி அலகு கிடையாது. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்தான் அவர்களும். அலகும் இல்லாமல், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாமல் இருக்கும் பள்ளிக்காரர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

ஒரு பிள்ளை "நின்னுட்டான்" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வருகிற நேரம் காலம் கடந்திருக்கும். அதற்கு ஒரு தவணை, இரண்டு தவணை முன்னமே இடாப்பு சொல்லத் தொடங்கியிருக்கும். மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று கூட்டிப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. எந்த நாட்கள் என்று பாருங்கள். மழை பிடித்த நாட்களில் மட்டும் வராவிட்டால் வழியில் கோளாறு. சம்பளத்துக்கு முந்திய வாரம் விடுபட்டால் ஓட்டோக் காசு. மாதத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையும் அதற்கு மறுநாளும் என்றால் கிளினிக். காலையில் வந்து இடைவேளையோடு "வயித்து வலி" என்று வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அநேகமாக மலசலகூடம்தான் பிரச்சினை. நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று பதினைந்து நாள் காணாமல் போனால் மருந்து முடிந்திருக்கும், இல்லாவிட்டால் காது மெஷினின் பற்றரி.

இடாப்பில் இன்னொரு பெயரையும் தேட வேண்டும்: அந்தப் பிள்ளையின் அக்காள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று முதலில் வீட்டில் நிறுத்தப்படுகிறவள் பல வீடுகளில் அவள்தான். அவள் தரம் 8இல் வரத் தவறும்போது அது அந்த வகுப்பாசிரியரின் கணக்கில் வேறு ஏதோ காரணமாகப் போய்விடும். இரண்டு இடாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் பிடிபடும்.

கூட்டங்களில் "பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கால் விறைத்த பிள்ளையை முதுகில் சுமந்து மேட்டுப் படியேறிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மூச்சு வாங்கக் கொழுந்து பறிக்க மலைக்கு ஓடுகிற தாய்க்கு என்ன விழிப்புணர்வு ஊட்டப் போகிறோம்? அவளுக்குத் தேவை காலையில் அரை மணித்தியால உதவி. அதை முதலில் பார்ப்போம்.

காலை நேரம்

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரமும் பள்ளி திறக்கும் நேரமும் எங்கேயும் ஒத்துப்போவதில்லை. தாய் பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், சில இடத்தில் திருப்பியே அனுப்புவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பரா காலையிலேயே திறந்துவிடுகிறது. அங்கே இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேசுங்கள்: தாய் அங்கே கொண்டுவந்து விடட்டும், ஏழு மணிக்குப் பிறகு அந்த வழியாக வருகிற பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வரட்டும். தினமும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். நான்கைந்து பேரை முறை வைத்து விடுங்கள், அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நடக்கும்.

வழியை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், மழை பெய்த மறுநாள் நடந்தால் இன்னும் நல்லது. முழு வழியும் மோசமாக இருக்காது. வழுக்குகிற நாலு படி, கைப்பிடி இல்லாத ஒரு திருப்பம், கானுக்கு மேல் ஆடுகிற பலகை என்று ஒன்றிரண்டு இடம்தான் பிள்ளையை வீட்டில் இருத்துகிறது. அந்த இடத்தில் டர்பன்டைன் கம்பு நட்டுக் கைப்பிடி போடத் தோட்டத் தலைவரும் நாலு தகப்பன்மாரும் ஒரு ஞாயிறு ஒதுக்கினால் போதும். நிரந்தரமாக இரும்புக் குழாய் வேண்டுமென்றால் தோட்ட முகாமையாளரான தொரைக்குக் கடிதம் எழுதுங்கள், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வெளிக்கள உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி போகட்டும். கடிதத்தில் "பாதையைத் திருத்தித் தரவும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். "12ஆம் நம்பர் லயத்துக்குக் கீழே உள்ள ஒன்பது படிகள்" என்று எழுதுங்கள்.

சக்கர நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லயத்து வாசலில் நாற்பது படி இருக்கும். பிறகு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அதன்மேல் துணி காயும். எங்கள் பக்கத்தில் அது பள்ளியில்தான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளி வரை தூக்கியோ, ஓட்டோவிலோ, கைத்தடியோடோ வரட்டும். வந்த பிறகு வகுப்புக்கும் மலசலகூடத்துக்கும் இடையே உருட்டிக்கொண்டு போக நாற்காலி இருக்கட்டும். கொடுக்க முன்வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் குடிக்காத பிள்ளை

தரம் 3இல் ஒரு பிள்ளை இருந்தாள், இரண்டு காலும் பலவீனம். போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுவருவாள், பின்னேரம் அதே போத்தல் நிறைந்தபடி வீட்டுக்குப் போகும். வெயில் நாளிலும் உதடு காய்ந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் சோற்றில் பாதியை மூடிவைப்பாள். பசி இல்லை என்பாள். காரணம் அவளாகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிறவள்தான் சொன்னாள்: "டீச்சர், அவ காலையிலருந்து ஒண்ணும் குடிக்க மாட்டா. டொய்லட்டுல குந்துனா எந்திரிக்க ஏலாது."

இதற்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை. பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, குந்தும் தட்டுக்கு மேல் வைத்தோம். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. கதவை உள்ளே பூட்டாமல் சாத்தக்கூடிய ஒரு கொக்கி. இடைவேளை மணிக்குக் கால் மணித்தியாலம் முன்பாகவே அவளும் துணைக்கு ஒருத்தியும் போய்வர அனுமதி, ஏனென்றால் மணி அடித்த பிறகு அந்த வாசலில் நிற்கவே இடம் கிடைக்காது. மாற்று உடுப்பு ஒரு பையில் என் அலுமாரியில். அடுத்த வாரம் போத்தல் பாதி காலியாக இருந்தது.

புதுக் கட்டடம் கட்ட ஒப்பந்தகாரர் வந்தால் விடாதீர்கள். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வசதி வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. கட்டி முடித்த பிறகு சாய்தளம் கேட்டால் "அடுத்த வருடம்" என்பார்கள். அத்திவாரம் வெட்டும்போதே அதிபரையும் பாடசாலை அபிவிருத்திக் குழுவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வகுப்புக்குள்

காது மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி கேட்கும் என்று நினைப்பவர்கள் மலைநாட்டு ஈரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பனியிலும் மழையிலும் அதன் சின்னக் குழாய்க்குள் நீர்த்துளி அடைத்து நின்றுவிடும். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற பொட்டலமே போதும், சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் கிடைக்கக்கூடாது. பற்றரியின் ஒட்டுத்தாளைக் கிழித்த உடனேயே அது இறங்கத் தொடங்கிவிடும், பாவிக்காமல் வைத்தாலும்தான். ஆகவே கிழித்த திகதியைக் கொப்பி மட்டையில் குறித்து வையுங்கள். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைக் காதிலிருந்து கழற்றி, ஓன் செய்த நிலையில் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். கீச்சென்று விசிலடித்தால் உயிர் இருக்கிறது. காதில் மாட்டியிருக்கும்போதே விசிலடித்தால் அநேகமாகப் பிள்ளை வளர்ந்துவிட்டது, காது அச்சு சிறிதாகிவிட்டது, புது அச்சு எடுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் பிள்ளை மெஷினைக் கழற்றி வைக்கும். பிறகு கரும்பலகையை வெறித்துக்கொண்டு இருக்கும், அதற்கும் பிறகு வராது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் மெஷின் மழையையும் சேர்த்துப் பெரிதாக்கும். அந்த நேரம் பேசிப் பயனில்லை, எழுதுங்கள். மற்ற நேரத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், அந்தப் பிள்ளை உங்கள் வாயைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிக்கிறது.

பார்வை குறைந்த பிள்ளைக்கு முன்வாங்கு, ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கமோ இடப்பக்கமோ வரும்படி, கறுப்பு மையில் பெரிய எழுத்து. தரம் 1, 4, 7, 10இல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வருவார்கள். அவர்கள் வருமுன் உங்களுக்குச் சந்தேகம் உள்ள பிள்ளைகளின் பட்டியலை எழுதி வையுங்கள். ஒரே காலையில் அத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கு நம் கண்ணில் பட்டது எப்படித் தெரியும்?

வலிப்பு உள்ள பிள்ளையைத்தான் பள்ளியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. "எங்களால பொறுப்பெடுக்க ஏலாது, சுகமானதும் கூட்டிட்டு வாங்க" என்ற ஒரு வசனம் போதும், அந்தத் தகப்பன் மறுபடி வரமாட்டார். பயம்தான் காரணம், பயத்துக்கு மருந்து என்ன செய்வதென்று தெரிந்திருப்பது. பிள்ளை விழுந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள், சுற்றியுள்ள கதிரை மேசையை இழுத்துவிடுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் திறப்பைக் கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, கையைக் காலை அமுக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். அநேகமான வலிப்பு சில நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், பிள்ளையை வண்டி வரக்கூடிய ரோட்டுவரை கொண்டுபோக ஆள் தயாராக இருக்கட்டும். இதை ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையிலும் வகுப்பிலும் ஒட்டினால், பக்கத்து வகுப்பு ஆசிரியரும் பயப்படமாட்டார். பிள்ளை குளிக்க, தண்ணீர் எடுக்கப் பீலிக்குத் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். விளையாட்டிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை.

படிப்பு மெதுவாக ஏறும் பிள்ளைகள் விஷயத்தில் என் கோபம் வேறு மாதிரியானது. கடைசி வாங்கில் ஒரு வர்ணப் பெட்டியோடு உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பியூன் ஆக்கிவிடுவார்கள்: மணி அடிக்க, தண்ணீர் கொண்டுவர, சேருக்குக் கடையில் பேப்பர் வாங்க. மணி அடிக்கட்டும், தப்பில்லை. அவனே மணிக்கூட்டைப் பார்த்து எட்டுப் பத்துக்கு அடிக்கக் கற்றுக்கொண்டால் அது பாடம். யாராவது "அடிடா" என்று சொல்லி அடித்தால் வெறும் வேலை. வகுப்பு இருபது வரை கூட்டிக்கொண்டிருந்தால் அவன் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணி எத்தனை குறைகிறது என்று சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஆனால் அன்றைய பாடத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். மாலையில் அம்மா "இன்னைக்கி என்ன செஞ்ச?" என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கிளினிக்கும் காகிதமும்

கிளினிக்குக்குப் போனால் தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். டிக்கோயா, நுவரெலியா என்றால் ஒரு நாள். கண்டிக்கோ பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ என்றால் விடியற்காலை பஸ், இரவில்தான் வீடு. அதனால் மறுநாளும் பிள்ளை வராது. திகதிகளை மாற்ற உங்களால் முடியாது, ஆனால் ஒரு காரியம் செய்யலாம். அரைப் பக்கக் கடிதம் ஒன்றை, சிங்களம் நன்றாகத் தெரிந்த சக ஆசிரியரைக் கொண்டு எழுதிக் கொடுங்கள்: பிள்ளை வகுப்பில் எதைச் செய்கிறது, எது முடியவில்லை, எப்போதிருந்து, நீங்கள் டொக்டரிடம் கேட்க விரும்புவது என்ன. மொழி தெரியாமல் டொக்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒரு துண்டோடு திரும்பி வரும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதத்தைக் காட்டினால் டொக்டரும் பதில் எழுதுவார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மட்டைக் கோப்பு வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பியின் பிரதி, வைத்தியச் சான்றிதழ், நீங்கள் எழுதும் தனியாள் கல்வித் திட்டம். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தர் மூலமாக இப்போதே ஓடத் தொடங்குங்கள், பரீட்சை வருடத்தில் ஓடாதீர்கள். அதே கோப்போடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500இலிருந்து 10,000 ரூபாவானது. அந்தக் காசு வந்தால் ஓட்டோக் கூலியைப் பற்றிப் பேசலாம். வந்த பிறகு பேசாதீர்கள், விண்ணப்பிக்கும்போதே வீட்டோடு பேசி வையுங்கள், இல்லாவிட்டால் அது தீபாவளிக் கடனோடு கலந்துவிடும்.

ஐந்திலிருந்து ஆறுக்கு

தோட்டப் பள்ளிகளில் நிறைய தரம் 5ஓடு முடிந்துவிடுகின்றன. ஐந்து வருடம் பத்திரமாகக் கொண்டுவந்த பிள்ளையை நாம் தொலைப்பது இங்கேதான். டவுன் பள்ளி தூரம், பஸ் நெருக்கம், மாடிப்படி, பாடத்துக்கொரு ஆசிரியர், பெயர்கூடத் தெரியாத கூட்டம். தரம் 5 இரண்டாம் தவணையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பெயர்பெற்ற பள்ளி எது என்று தேடாதீர்கள். கீழ்மாடியில் வகுப்பும் மலசலகூடமும் உள்ள பள்ளி எது, பஸ் எங்கே நிற்கிறது, தோட்டத்திலிருந்து வேறு எந்தப் பிள்ளைகள் போகிறார்கள் என்று பாருங்கள். விசேட கல்வி அலகு உள்ள பள்ளி எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். பெற்றோரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நேரில் போங்கள். பிள்ளை வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கட்டும், மலசலகூடத்துக்குப் போய் வரட்டும். கோப்பின் பிரதியை அந்த அதிபர் கையிலேயே கொடுங்கள்.

"எங்க ஸ்கூல்ல வசதி இல்ல, வேற எடம் பாருங்க" என்று ஒரு பெரிய பள்ளியில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்போது குரலை உயர்த்தத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 23: உடற்குறையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியை மறுக்கக்கூடாது. "அப்படியென்றால் மறுப்பதை எழுத்தில் தாருங்கள் சேர், வலயத்துக்குக் காட்ட வேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் தர ஒருவரும் விரும்புவதில்லை. தேநீர் வரும், பேச்சு மாறும்.

பெரிய பிள்ளையானதும்

விளங்கிக்கொள்ளச் சிரமப்படும் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் சடங்கோடு பள்ளிக்கூடமும் முடிகிறது. வீட்டாரின் பயம் பொய்யல்ல. வகுப்பில் ஆடை கறைபட்டால் என்ன செய்வாள், வழியில் யாராவது தொட்டால் சொல்லத் தெரியுமா? தாயோடு ஒரு பெண் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். கலண்டரில் நாள் குறிக்க, மாற்ற, மடித்துப் போட வீட்டில் பழக்கட்டும், பள்ளி அலுமாரியில் மாற்றுத் துணியும் பையும் இருக்கட்டும். வழியில் தனியாக விடாமல் தோழிகளோடு அனுப்பலாம். தொடுதல் பற்றிச் சொல்லிக் கொடுங்கள், திரும்பத் திரும்ப, பொம்மையை வைத்து. ஏதாவது நடந்ததாகச் சொன்னால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். லயத்தில் பேசித் தீர்ப்பதற்கு உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே வராமல் போயிருந்தால்

முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போங்கள். காலையில் போகாதீர்கள். கொழுந்து நிறுத்துத் தாய் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டிய பிறகு போங்கள். தனியாகவோ இன்னொரு ஆசிரியரோடோ போதும், குழுவாகப் போனால் லயமே எட்டிப் பார்க்கும். கொடுத்த சாயத் தேநீரைக் குடியுங்கள். "ஏன் அனுப்பல?" என்று கேட்டால் "நாளைக்கி அனுப்புறேன் டீச்சர்" என்றுதான் வரும், அது அனுப்பமாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல். "கடைசியா வந்த அன்னைக்கிக் காலையில என்ன நடந்துச்சுக்கா?" என்று கேளுங்கள். அப்போது கதை வரும்: மழையில் சறுக்கியது, பஸ்காரன் ஏற்றாமல் போனது, வகுப்பில் யாரோ நொண்டி என்று கூப்பிட்டது, நம்மில் ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டியது. எது உடைந்ததோ அதை மட்டும் பேசிவிட்டு எழுந்து வாருங்கள்.

5 வயதிலிருந்து 16 வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் விதி. அதைச் சொல்லி மிரட்டுவதற்கு முன், அந்த விதி பள்ளிக்கும் பொருந்தும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் வேண்டுமென்றே அடைத்து வைத்திருந்தால் மட்டும் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கூட்டிப் போங்கள்.

திரும்பி வருகிற பிள்ளைக்கு முதல் வாரம் இடைவேளை வரை போதும். காலைக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தி மாலை போடுவது, கைதட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பழைய இடம், பழைய பக்கத்துத் தோழி, தவறவிட்ட பாடத்தில் ஒரே ஒரு பக்கம்.

தரம் 10, 11 ஆசிரியர்களுக்கு: மேலதிக நேரம், எழுதுவதற்கு உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள் ஆகியவற்றைப் பரீட்சைத் திணைக்களம் தருகிறது. அதிபர் மூலம், வைத்தியச் சான்றிதழோடு, பரீட்சை விண்ணப்பம் போகும் நேரத்திலேயே கேட்க வேண்டும். சான்றிதழ் எடுக்க மறுபடி ஒரு கிளினிக் நாள், மறுபடி தாய்க்கு ஒரு பேர் போகும். ஆகவே தரம் 10 முடியுமுன்னே வழக்கமான கிளினிக் திகதி ஒன்றில் அதையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லிக் கோப்பில் போட்டுவிடுங்கள்.